வீட்டுத்தோட்டம் யாருக்கு?

இந்நாட்டில் பஞ்சம் வரும்போதெல்லாம் ஒரு போதனையும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒரு சாண் நிலத்தையும் வீணாக்காமல் பயிரிடுங்கள்; நிலம் இல்லையேல் சட்டியில் நடுங்கள்; சட்டி வைக்க முற்றம் இல்லையேல் யன்னற் கம்பியில் தொங்கவிடுங்கள் என்பது அப்போதனையின் சாரம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இதனைக் கேட்டோம். 1965 இற்குப் பின் உணவு உற்பத்தி இயக்கம் என்ற பெயரில் கேட்டோம். 1970 களின் முற்பகுதியில், வாரத்தில் இரு நாள் சோறு விற்கத் தடை விதிக்கப்பட்டபோதும் கேட்டோம். இறுதியாக 2022 ஜூன் மாதத்தில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அரசாங்கம் கைவிரித்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்த நிலையில், அரச ஊழியர் தம் வீடுகளிற் பயிர் செய்யும்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்குவதென அமைச்சரவை தீர்மானித்தபோது, அப்போதனை சுற்றறிக்கை வடிவம் பெற்றது.

இதற்கு முந்திய ஆண்டு, 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதியை முன்னேற்பாடு எதுவுமின்றித் தடைசெய்து, நெல் வயலையும் தேயிலை மலையையும் மரக்கறிப் பாத்தியையும் ஒருங்கே வாடவைத்து, நவம்பரில் மெல்லப் பின்வாங்கிய அதே ஆட்சிதான் இந்த விடுமுறையையும் வழங்கிற்று. இலட்சக்கணக்கான கமக்காரரின் கையிலிருந்து மண்வெட்டியைப் பறித்தவர்கள், எழுதுவினைஞரின் கையில் ஒரு விதைப் பொட்டலத்தைத் திணித்தார்கள். கூட்டங்களில் திருக்குறளின் உழவு அதிகாரம் ஒலித்தது. மேசைமீது வைத்த சட்டியில் பிரமுகர் ஒருவர் மிளகாய்க் கன்று நட, படம் பிடிக்கப்பட்டது. அந்தக் கன்று என்னவாயிற்று என்று எவரும் விசாரித்ததில்லை.

இப்போதனையை எதிர்த்து எழுதுமுன் ஒரு வாக்குமூலம் அளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். நானும் சட்டியில் நட்டவன். இன்றும் நடுகிறேன்.

கண்டி நகரில், ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மனைவி, இரு பிள்ளைகள், நான் என நால்வர். முற்றம் எனச் சொல்லத்தக்கது எமக்கு இல்லை. கிழக்கு நோக்கிய பல்கனி ஒன்று உண்டு. நாலடி அகலம், பத்தடி நீளம். அதில் 22 கலங்கள் வைத்தேன். எண்ணெய்க் கலன்கள், ஐஸ்கிரீம் டப்பாக்கள், கைப்பிடி உடைந்த வாளிகள், பாதியாய் மடித்த உரப்பைகள். உரம் நாட்டில் இல்லை. உரப்பை மட்டும் தாராளமாகக் கிடைத்த காலம் அது. அடியிலே துளையிட்டு, மண்ணும் தும்புத்தூளும் கூட்டெருவும் சம அளவிற் கலந்து நிரப்பினேன். அந்த மண்ணையும் காசு கொடுத்தே வாங்கினேன். மலைகள் சூழ்ந்த கண்டியில், ஒரு வாளி மண்ணைப் பொலித்தீன் பையிற் கட்டிப் பேரம் பேசி வாங்கவேண்டியவனுக்கு, நிலம் என்பது என்ன என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுக்குள் பயிர் செய்ய நினைப்பவனுக்கு முதல் ஆசான் வெயிலே. கண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்பிரல் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். எஞ்சிய மாதங்களில் தெற்கே நிற்கும். ஆகவே தெற்கு நோக்கிய யன்னல் ஆண்டிற் பாதிக்கு மேல் வெயில் பெற்றாலும், மீதி மாதங்களில் வெறும் வெளிச்சமே பெறும். வடக்கு யன்னலின் நிலை இதன் மறுதலை. கிழக்கும் மேற்கும் நாள்தோறும் அரைநாள் வெயில் பெறும். எமக்கோ அந்த அரைநாளும் முழுமையாய் இல்லை. எதிரே உள்ள மேட்டைத் தாண்டிச் சூரியன் வர எட்டு மணியாகும்; பதினொன்றரைக்குக் கூரையின் நிழல் விழுந்துவிடும். மூன்றரை மணித்தியால வெயில் கீரைக்குப் போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். பல்கனியைவிட்டு இரண்டு முழம் உள்ளே, அறைக்குள் வைத்த செடி, வெளிச்சத்தைத் தேடி நூல்போல் நீண்டு சோர்ந்து விழுகிறது. மின்விளக்கொளியில் வளர்க்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். 2022 மார்ச் 31 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியதை அவர் மறந்திருக்கவேண்டும்.

இவற்றோடு குரங்குகள். உடவத்தைக்கலைக் காட்டைச் சுற்றி வாழும் எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் காத்திருந்து கண்ட முதல் தக்காளியை, அது சிவந்த காலையிலேயே ஒரு குரங்கு பறித்து, ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே எறிந்தது. கீழ்மாடிக்காரரின் உலர்த்திய துணிமேல் எங்கள் வாளி நீர் சொட்டியதால் உண்டான மனத்தாங்கல் இன்னொன்று. சட்டியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கினால் நுளம்பு பெருகும், டெங்கு வரும். தேனீ மூன்றாம் மாடிக்கு வர மறுத்தமையால், பாகற் கொடியின் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவின்மீது நாமே தடவினோம்.

எனினும் விளைந்தது. மறைப்பதற்கில்லை. பொன்னாங்காணி வெட்ட வெட்டத் தழைத்தது. வல்லாரை உரப்பையின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. என் இளைய மகள் முதற் கத்தரிப்பூவை ஒவ்வொரு காலையும் சென்று பார்த்தாள். இதனைச் சிறுமுதலாளியப் பொழுதுபோக்கு என்று எள்ளும் தோழர்கள் சிலர் நம்மிடையே உளர். அவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பூ காயாவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என அறிந்த பிள்ளை, நாளை சந்தையில் விலை பேசும்போது ஒரு கணமேனும் விளைவித்தவனின் பக்கம் நின்று யோசிக்கும். உழைப்பிலிருந்து பிரிந்துபோன நகரத்து மத்தியதர வர்க்கத்துக்கு இது சிறிய பாடமன்று. கோடையில் ஒரு வேளைக் கறிக்குக் கீரை கிடைப்பதும் இழிவான காரியமன்று.

ஆயினும் பாடம் வேறு. பசி தீர்ப்பது வேறு. 2022 ஜூலை முதல் டிசெம்பர் வரை விளைந்ததை எல்லாம் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கீரை வகை 8.5 கிலோ, தக்காளி 2 கிலோ, கத்தரி 1.5 கிலோ, பச்சை மிளகாய் 1.25 கிலோ, கொத்தமல்லியும் வெங்காயத்தாளும் 0.75 கிலோ. ஆக 14 கிலோ. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நால்வருக்கு அந்த ஆறு மாதத்தில் 294 கிலோ வேண்டும். படித்த ஆசிரியன் ஒருவன், கன்னொறுவை விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரு மணித்தியாலம் செலவிட்டு விளைவித்தது தேவையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. சோற்றுக்கான அரிசியும் பருப்பும் தேங்காயும் இக்கணக்கில் சேரவேயில்லை. மண், தும்புத்தூள், விதை ஆகியவற்றுக்குக் கொடுத்த பணத்தைச் சேர்த்துப் பார்த்தால், அம்முதல் ஆறு மாதத்தில் சந்தையில் வாங்கியிருப்பதே மலிவு.

அந்த ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அதாவது, ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க நேர்ந்தது. சம்பளம் அவ்வாறு ஏறவில்லை. இத்தகைய கொடிய வீழ்ச்சிக்கு மருந்து 22 சட்டிகள் என்று சொல்வது அறியாமையாகாது. பொருளாதாரக் கொள்கையின் தோல்வியை ஒவ்வொரு குடும்பத்தின் சோம்பலாக மாற்றிக் காட்டும் தந்திரமே அது. விலை ஏறியதா? நீ ஏன் நடவில்லை? பிள்ளைக்குக் கறி இல்லையா? உன் பல்கனி ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது? கேள்வி கேட்கவேண்டியவன் பதில் சொல்லவேண்டியவனாக மாற்றப்படுகிறான். அத்தந்திரத்தின் பயன் இதுவே.

பல்கனியாவது உள்ளவன் நான். இனி அதுவும் இல்லாதவர்களிடம் வருவோம்.

கண்டி மாநகரசபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மகியாவைக்குச் சென்று பாருங்கள். நகரத்தின் மரக்கறிக் கழிவை நாள்தோறும் கூட்டி அள்ளுபவர்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நகரம் முழுவதற்கும் கூட்டெருவாகக்கூடிய பொருள் அவர்கள் கைவழியே செல்கிறது; அதனை இட்டு ஒரு செடி வளர்க்க அவர்களுக்கு மண்தான் இல்லை.

அங்கிருந்து மலைப் பாதையில் ஏறுங்கள். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை என்று கண்டியைச் சூழ்ந்திருப்பவை தேயிலைத் தோட்டங்கள். ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட 19 ஏக்கரே இந்நாட்டு வர்த்தகத் தேயிலையின் தொடக்கம் என்று நம் பாடநூல்கள் கூறுகின்றன. நான் கற்பிக்கும் பாடசாலை இத்தகைய தோட்டங்களின் நடுவே இருக்கிறது. நாள்தோறும் கண்டியிலிருந்து பஸ்ஸில் ஏறிச் செல்கிறேன்.

2022 செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். காலத்துக்கு ஏற்றதென்று நான் கருதிய தலைப்பு அது: "எங்கள் வீட்டுத்தோட்டம்." பெரும்பாலான மாணவர் பழைய கட்டுரைப் புத்தகத்திலிருந்து கிடுகு வேலியும் வாழை மரமும் கிணற்றடியும் கொண்ட ஒரு தோட்டத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அத்தகைய தோட்டம் எங்கள் பாடசாலைக்குப் பத்து மைல் சுற்றளவில் எவரிடமும் இல்லை. ஒரு மாணவி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். அவள் எழுதியதன் சாரம் இது.

எங்களுக்கு வீடு இல்லை. லயத்தில் ஒரு காம்பரா இருக்கிறது. காம்பராவுக்கு முன்னால் வாசல், வாசலுக்கு அப்பால் பீலி, பீலிக்கு அப்பால் தேயிலை. பீலியடியில் என் அப்பாயி போஞ்சியும் கறிமிளகாயும் நட்டு வைத்திருந்தார். நாலு வருடம் அதிலே கறி வைத்தோம். பிறகு ஒருநாள் பிரட்டுக் களத்தில், தோட்டத்துக் காணியில் யார் நடச் சொன்னது என்று அப்பாவைக் கேட்டார்கள். மறுநாள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். அந்த இடத்தில் இன்றுவரை தேயிலையும் நடவில்லை, புல் முளைத்திருக்கிறது. ஆகையால் எங்கள் வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாததால் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஐம்பது கொப்பிகள் திருத்தும் அவசரத்தில், சிவப்பு மையால், "தலைப்பிலிருந்து விலகியுள்ளது" என்று எழுதி, நூற்றுக்கு நாற்பது புள்ளி இட்டேன்.

அன்றிரவு மின்வெட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பல்கனிச் சட்டிகளுக்கு நீர் ஊற்றும்போதுதான் அவள் எழுதிய கடைசி வாக்கியம் என்னைத் தைத்தது. தமிழில் "தோட்டம்" என்ற சொல்லுக்கு இம்மலையகம் வேறொரு பொருளைக் கொடுத்திருக்கிறது. மற்றத் தமிழருக்குத் தோட்டம் என்பது தாம் உடையது. மலையகத் தமிழருக்குத் தோட்டம் என்பது தம்மை உடையது. "தோட்டத்து ஆட்கள்" என்று ஒரு மக்கள் கூட்டத்துக்கே பெயரிட்டோம். இகழும்போது "தோட்டக்காட்டான்" என்றோம். இருநூறு ஆண்டுகளாகத் தோட்டம் என்ற அடைமொழியைச் சுமக்கும் அம்மக்களிடம், பத்துப் போஞ்சிக் கொடி நட ஒரு தோட்டம் இல்லை. தமிழ்ப் பட்டதாரியாகிய நான் இதனை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கற்கவேண்டியிருந்தது.

இது இயற்கையின் கொடுமையன்று. மலையில் நிலம் இல்லாமற் போனதுமன்று. நிலம் எவ்வாறு பறிபோயிற்று என்பதற்குச் சட்டங்களும் ஆண்டுகளும் சாட்சி. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் எதிர்மறையாக நிரூபிக்கப்படும்வரை அரசுக்கே உரியன என்றது. கண்டிச் சிங்களக் குடியானவன் சேனை வெட்டிய நிலமும் மாடு மேய்த்த நிலமும் இவ்வாறு பிடுங்கப்பட்டு, ஏக்கர் 5 சிலிங்குக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. குடியானவன் நிலத்தை இழந்த அதே மலைக்கு, தமிழகத்திலிருந்து நிலமற்ற கூலியாள் கொண்டுவரப்பட்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடைக்கப்பட்டான். ஒருவனிடமிருந்து நிலத்தையும் மற்றவனிடமிருந்து உழைப்பையும் எடுத்தவன் ஒருவனே. இவ்விருவரையும் ஒருவர்மீது ஒருவர் ஏவிவிடும் அரசியலே பின்னர் நம் நாட்டின் காணி அரசியலாயிற்று.

1935 இன் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்றோருக்கு அரச காணி வழங்க வந்தது. "இலங்கையர்" என்ற சொல்லை அது வரையறுத்த விதம் தோட்டத் தொழிலாளரை வெளியே நிறுத்திற்று. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. நாடற்றவனுக்குக் காணி ஏது? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. முற்போக்காளர் பலரும், நியாயமாகவே, அதனை வரவேற்றனர். ஆயின் பிரிக்கப்பட்ட நிலத்தில் அதனைப் பண்படுத்தியவர்கள் பங்காளிகளாகக் கருதப்படவில்லை. பல தோட்டங்களிலிருந்து அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். 1973, 74 ஆம் ஆண்டுகளில் தோட்டப் புறங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பயிர் செய்யுங்கள் என்ற போதனை நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பிரிக்கப்படுவதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க வந்த சட்டம் 2003 இல் நிறைவேறிற்று. பிரசாவுரிமை வந்தது, காணி வரவில்லை.

2015 இற்குப் பின் ஓர் அளவு பேசப்படலாயிற்று: குடும்பத்துக்கு 7 பேர்ச். இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 550 சதுர அடித் தனிவீடுகள் இவ்வளவு காணியில் எழுந்தன. லயத்தைவிட அவை எவ்வளவோ மேல், மறுப்பதற்கில்லை. பின்னர் 10 பேர்ச் என்ற பேச்சும் எழுந்தது. இந்தப் பேர்ச் என்ற அளவையைச் சற்று ஆராய்வோம். அதற்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது.

பேர்ச் ஆங்கிலேயரின் அளவை. அங்கே அதற்கு ரொட் என்றும் போல் என்றும் வேறு பெயர்கள் உண்டு. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். இங்கிலாந்தில், தோட்டமற்ற நகரத்துத் தொழிலாளி மரக்கறி பயிரிட நிலம் கேட்டால், உள்ளூராட்சிச் சபை அதற்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்று 1908 இல் அவர்கள் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. தொழிலாளரின் நெடுநாட் கிளர்ச்சிக்குப் பணிந்து இயற்றப்பட்ட சட்டம் அது. அவ்வாறு ஒதுக்கப்படும் துண்டின் மரபான அளவு 10 ரொட். அதாவது 10 பேர்ச். ஏறத்தாழ 2,722 சதுர அடி. அது வீடு கட்ட அன்று. வீடு வேறிடத்தில் இருக்கிறது. கோவாவும் உருளைக்கிழங்கும் போஞ்சியும் நட மட்டும் 10 பேர்ச்!

இதனை நம் கணக்கோடு ஒப்பிடுங்கள். இலங்கைத் தேயிலையைக் குடித்த இங்கிலாந்துத் தொழிலாளிக்கு மரக்கறி நட மட்டும் 10 பேர்ச். அத்தேயிலையைப் பறித்தவளின் குடும்பத்துக்கு அதே காலத்தில் 120 சதுர அடிக் காம்பரா. நூறாண்டுக்கு மேல் கழிந்து, அவளுடைய பேரப்பிள்ளைக்கு வீடும் வாசலும் கோடிப்புறமும் எல்லாம் சேர்ந்து 7 பேர்ச். ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதுவும் எல்லோருக்கும் இல்லை. காணியுறுதி கைக்கு வராதவர்கள் இன்னும் பலர். ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டே இரு வேறு நீதி அளந்தது ஏகாதிபத்தியம். அது போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாம் அந்த அளவுகோலைத் திருத்தவில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபின், கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் உணவும் வருவது திடீரென அருகிற்று. அங்கேயும் மக்களைப் பயிர் செய்யச் சொன்னார்கள். ஆயின் அதற்கென நிலமும் கொடுத்தார்கள். ஹவானா நகரத்தின் வெற்றுக் காணிகளைப் பயிரிட விரும்புவோர் குத்தகைப் பணமின்றி அனுபவிக்க அரசு அனுமதித்தது. கல்லும் பலகையும் கொண்டு வரம்பு கட்டிய மேட்டுப் பாத்திகளில் கூட்டெரு நிரப்பிக் கீரை விளைவித்தனர். விதைக்கும் அறிவுரைக்கும் நகரத்திலேயே நிலையங்கள் திறக்கப்பட்டன. கியூபாவின் உணவுப் பிரச்சினை இதனால் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. இன்றும் அந்நாடு உணவைப் பெருமளவில் இறக்குமதி செய்கிறது. அதனை மறைத்துப் புகழ்வது நமக்கு அழகன்று. நாம் கற்கவேண்டியது ஒன்றே. நிலத்தைக் கொடுத்துவிட்டு "நடு" என்பது கொள்கை. நிலத்தைக் கொடாமல் "நடு" என்பது பரிகாசம்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றிய மொழி நம்முடையது. பற்றிப் படரக் கொழுகொம்பின்றி ஒரு கொடி தவிப்பதை அவன் கண்டான் என்பது கதை. அவன் கொடிக்கு உபதேசம் செய்யவில்லை.

மறுப்புகளை அறிவேன். தேயிலை அந்நியச் செலாவணி தருகிறதே, அந்நிலத்தை மரக்கறிக்குக் கொடுக்கலாமா என்பது ஒன்று. தேயிலையைப் பிடுங்கச் சொல்லவில்லை. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின், பராமரிப்பின்றிக் காடேறிப்போன மலைகள் எத்தனை என்று பஸ் யன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். என் மாணவியின் பீலியடியில் முளைத்திருப்பது புல்லேயன்றித் தேயிலையன்று. மலைச்சரிவில் பயிரிட்டால் மண் அரியுமே என்பது இன்னொன்று. மெய்யான கவலைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து ஊர்களைப் புதைத்ததை நாம் கண்டோம். அதிலிருந்து கிடைக்கும் முடிவு, எவருக்கும் விரும்பாத சரிவையே மிச்சப் பங்காக ஏழைக்குத் தள்ளாதீர்கள், பாதுகாப்பான காணியைக் கொடுங்கள் என்பதே. தொழிலாளிக்குப் பயிரிட நேரமில்லையே என்பது மூன்றாவது. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை கொடுத்தவர்கள் இதனைச் சொல்லக் கூசவேண்டும். 1,000 ரூபா நாட்சம்பளம் 2021 இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று. நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அந்நாட் கூலி இல்லாத பெண்ணுக்கு எந்தச் சுற்றறிக்கை வெள்ளிக்கிழமை கொடுத்தது?

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வீட்டுக் காணிக்குப் புறம்பாக, மரக்கறி பயிரிடக் குறைந்தது 10 பேர்ச் பாதுகாப்பான நிலம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதியுடன் வழங்கப்படவேண்டும். நிர்வாகத்தின் தயவில் அனுபவிப்பது உரிமையாகாது. தயவு பிரட்டுக் களத்தில் ஒரே காலையில் முடிந்துபோகும். நகரத்தில், அரசும் மாநகரசபையும் எழுப்பும் தொடர்மாடிகள் ஒவ்வொன்றிலும் கூரைத்தளமும் நீர்க்குழாயும் பொதுப் பாத்தியும் கட்டட வரைபடத்திலேயே இடம்பெறவேண்டும். வெறுமையாய்க் கிடக்கும் அரச காணி, அயலில் உள்ள வாடகைக் குடிகளுக்குப் பயிரிடத் திறந்துவிடப்படவேண்டும். பாடசாலைத் தோட்டத்தின் விளைச்சல் மாணவரின் மதிய உணவுக்கே செல்லவேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று. 1908 இல் ஒரு முதலாளித்துவப் பாராளுமன்றமே தன் தொழிலாளருக்கு ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! பல்கனியில் வல்லாரை வளர்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வளருங்கள். வளர்த்ததை நிறுத்துக் கணக்கு வையுங்கள். அக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டி வைக்கவும் இடமில்லாதவனின் பக்கத்தில் நின்று பேசுங்கள். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்த நடைபயணத்தில் காணி ஒரு முதன்மைக் கோரிக்கையாய் ஒலித்தது. நாம் அதனைக் கேட்டோமா, அல்லது வகுப்பறையில் கிணற்றடி வாழையைப் பற்றிக் கட்டுரை எழுதுவித்துக்கொண்டிருந்தோமா?

மறுநாள் அந்த மாணவியின் கொப்பியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். "ஏன் சேர், இன்னும் பிழை இருக்கா?" என்று பயந்தபடி கேட்டாள். நாற்பதை அடித்துவிட்டு எண்பது என்று எழுதினேன். முன்னர் எழுதிய சிவப்பு வரியை அழிக்கவில்லை, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "பிழை கட்டுரையில் இல்லை, தலைப்பில்."